கத்தி வேண்டாம், கண்ணா

அன்புள்ள கண்ணா,

ஜூடோ பழகும் உன் மனைவிக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். சுவரில் மாட்டும் ஜப்பானியக் கத்தி, பெயர் தைத்த கறுப்பு பெல்ட், தொங்கவிடும் குத்துப் பை. மூன்றும் வேண்டாம். ஆசையாகத்தான் தேடியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் ஜூடோ மெத்தையில் பல வருடம் விழுந்து எழுந்தவள் சொல்கிறேன், கேள். இதில் ஒன்றுகூட மருமகளின் பயிற்சிப் பைக்குள் போகாது. போகாத பொருளை வாங்கி என்ன செய்வது?

குத்துப் பையை முதலில் தள்ளிவிடலாம். ஜூடோவில் யாரும் யாரையும் குத்துவதில்லை. பிடித்து, நிலைகுலைத்து, எறிந்து, தரையில் அமுக்குவதுதான் வேலை. குத்தும் உதையும் சில கட்டாக்களில், அதாவது முன்பே வகுத்துவைத்த அசைவுப் பயிற்சிகளில், மட்டும் வரும். பாக்ஸிங் பழகுகிறவருக்கே இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. 30, 40 கிலோவைத் தாங்கும் கொக்கி வேண்டும், அதைத் தாங்கும் கூரை வேண்டும், கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமையும் வேண்டும்.

அன்றாட ஜூடோ பயிற்சியில் கத்திக்கு வேலையே இல்லை. அழகுக்காக விற்கிற கத்திகளில் பெரும்பாலும் கைப்பிடிக்குள் இறங்கும் இரும்பு சின்னதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த யாராவது எடுத்து வீசிப் பார்த்தால் கழன்று பறக்கும். விமானத்தில் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

பெல்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கொடோகான் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருடமே மாணவர்களுக்கு 'டான்' தரம், இன்றைய கறுப்பு பெல்ட் தரம், கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து தரத்தை முடிவுசெய்வது குருதான். கறுப்பு பெல்ட்டைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், கட்டிக்கொள்ள மாஸ்டர் சொல்ல வேண்டும். அவள் இப்போது பச்சை பெல்ட்டில் இருக்கிறாள். நீ கறுப்பைக் கொடுத்தால் கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். கட்டாயம் பெல்ட்தான் என்றால், பழசு நைந்திருக்கிறதா பார்த்து அதே நிறத்தில் இன்னொன்று வாங்கு. முடிச்சுப் போட்ட பிறகு இரண்டு நுனியும் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொங்க வேண்டும், அந்தக் கணக்கில் நீளம் பார்.

சரி, என்ன வாங்கலாம்? என்னைக் கேட்டால் இரண்டாவது ஜூடோகி, அதாவது ஜூடோ உடை. அவளிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். பயிற்சி முடிந்தால் அது வியர்வையில் நனைந்து கனத்துப் போயிருக்கும். துவைத்துப் போட்டாலும் அந்தத் தடித்த பருத்தி காய நேரம் பிடிக்கும். ஒன்றையே வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் போகிறவர்கள் பாதி ஈரத்தோடு மாட்டிக்கொள்வார்கள். நாற்றம் ஒரு பக்கம், படர்தாமரை இன்னொரு பக்கம். ஒருவருக்கு வந்தால் மெத்தையில் இருக்கும் எல்லோருக்கும் வரும். இன்னொரு செட் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் 'தற்காப்புக் கலை உடை' என்று போட்டிருப்பதை எல்லாம் வாங்கிவிடாதே. கராத்தே உடை மெல்லிசு. ஜூடோவில் காலரையும் கையையும் பிடித்து முழு உடம்பையும் இழுக்கிறார்கள், அந்தத் துணி தையல் விட்டுவிடும். பிரேசிலிய ஜுஜுட்சு உடை கெட்டியானதுதான், ஆனால் கைகள் ஒடுக்கமாகத் தைத்திருப்பார்கள். எதிராளி பிடிக்க இடம் இல்லை என்று ஜூடோ போட்டியில் திருப்பி அனுப்பிவிடலாம். ஜூடோவுக்கென்றே நெய்ததைக் கேட்டு வாங்கு. மேல்பாதியில் அரிசி மணி போட்ட மாதிரி நெசவு இருக்கும். துணியின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். பயிற்சிக்கு 350 முதல் 550 வரை போதும். சர்வதேசப் போட்டிகளுக்கு அனுமதித்த உடைகள் 650க்கு மேல் இருக்கும். அவற்றில் சர்வதேச ஜூடோக் கூட்டமைப்பின் முத்திரை இருக்கும், விலையும் ஏறிவிடும். அவள் போகிற போட்டிகளுக்கு அது இன்னும் தேவையில்லை. கனமான உடையை எதிராளி பிடிப்பது கஷ்டம் என்பதால் சிலர் ஆசைப்பட்டு வாங்குவார்கள், அப்புறம் புழுக்கம் தாங்காமல் பழசுக்கே திரும்புவார்கள்.

அளவு சென்டிமீட்டரில் இருக்கும், 160, 165, 170 என்று. அது போடுகிறவரின் உயரம். பருத்தி என்பதால் முதல் துவையலில் சுருங்கும். ஏற்கெனவே சுருக்கிய துணியா என்று விவரத்தில் பார். இல்லையென்றால் ஒரு அளவு பெரிதாக எடு. துவைத்த பிறகு கையை நேரே நீட்டினால் மணிக்கட்டு வரை வர வேண்டும், பேன்ட் கணுக்காலுக்கு மேல் 5 சென்டிமீட்டரைத் தாண்டி ஏறக் கூடாது. வெந்நீரும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். பிளீச் போட்டால் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் நூல் செத்துப்போகும்.

நிறத்தில் உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். நீலம் வாங்கு. போட்டியில் ஒருவர் வெள்ளை, ஒருவர் நீலம். பார்க்கிறவர்களுக்கும் நடுவருக்கும் யார் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்து வீரர் ஆன்டன் ஹேசிங்க் சொன்ன யோசனை இது. 1997இல்தான் சர்வதேசக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. ஜப்பானியர்களுக்கு அப்போது பிடிக்கவே இல்லை. எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் சில இடங்களில் பயிற்சிக்கு வெள்ளை மட்டும்தான் என்று விதி வைத்திருப்பார்கள். அவளுடைய மாஸ்டரிடமோ, கூடப் பழகுகிற பெண்ணிடமோ கேட்டுவிட்டு வாங்கு. ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிடாதே.

உடை வேண்டாம் என்று தோன்றினால் உச்சிகோமி ரப்பர். ரப்பர் பட்டையை ஒரு தூணில் கட்டி, இரண்டு முனையையும் எதிராளியின் காலராகவும் கையாகவும் நினைத்துப் பிடித்து, எறிவதற்கு உள்ளே நுழையும் அடியைத் திரும்பத் திரும்பப் பழகலாம். ஜோடி தேவையில்லை. வீட்டில் ஜூடோ பழகுவதற்கு இதைவிட உருப்படியான பொருள் எனக்குத் தெரியாது. கதவுக் கைப்பிடியில் கட்டவிடாதே, பிடுங்கிக்கொண்டு முகத்துக்கு வரும்.

சின்னச் சாமான்களும் உண்டு, அவற்றை யாரும் பரிசாக நினைப்பதில்லை. நீட்சி இல்லாத பருத்தி டேப், விரல்களுக்குக் குறுகலானது. பிடி பழகுகிறவர்கள் விரல் மூட்டு வலிக்கு இதைச் சுற்றுவார்கள், ரோல் ரோலாகத் தீரும். மெத்தைக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவே போட ஒரு ஜோடி செருப்பு. இரும்புத் துண்டு இல்லாத தலைமுடி பேண்டுகள். நல்ல நகவெட்டி. ஜாக்கெட்டுக்குள் பெண்கள் போடும் வட்டக் கழுத்து வெள்ளை டிஷர்ட். முழங்கால் உறை வாங்கினால் உள்ளே பிளாஸ்டிக் தகடு இல்லாததாகப் பார், தகடு இருந்தால் மெத்தையில் அனுமதிக்கமாட்டார்கள். பல் காப்பானை மட்டும் நீ தேர்ந்தெடுக்காதே. வெந்நீரில் போட்டுக் கடிக்கிற வகையோ, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்கிற வகையோ, அவள் வாய்க்கு அவள்தான் வாங்க வேண்டும்.

பணமாகக் கொடுப்பதும் தப்பில்லை. அடுத்த தரத் தேர்வுக்கான கட்டணம், வெளியிலிருந்து பெரிய மாஸ்டர் யாராவது வந்து நடத்தும் முகாம். அவள் பயிற்சிக்குப் போகிற மாலைகளில் வீட்டு வேலை முழுக்க உன்னுடையது என்பதைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதே, அது எப்படியும் நீ செய்ய வேண்டியது.

போட்டிக்கு நீ கூடப் போகிறாய் என்றால் இன்னொன்று. போனை அகலவாக்கில் பிடித்து முழுப் போட்டியையும் எடு. எறிந்த நொடியை மட்டும் எடுத்தால் பிரயோஜனம் இல்லை, பிடிச் சண்டையில் எங்கே தோற்றாள் என்பதுதான் அவளுக்குப் பிறகு பார்க்க வேண்டியது. எடுக்கும்போது கத்தாதே. பதிவில் உன் குரல்தான் கேட்கும்.

அவளுடைய ஜாக்கெட்டில் அளவு தைத்திருக்கும், அவள் இல்லாதபோது பார்த்து எனக்கு எழுது. பேன்ட்டையும் தனியாகப் பார், சிலருக்கு இரண்டும் ஒரே அளவு வராது. டேப்பை நீ வாங்க வேண்டாம், ஒரு பெட்டி நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா