வெள்ளிக்கிழமை மஞ்சப்பையில் வரும் தக்காளி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஆடிப்பட்டத்தில் நம் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் விதைத்த தக்காளி பழுத்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் மஞ்சப்பையில் அரைக் கிலோ பழம் கொண்டுவருவார்கள். சனி, ஞாயிறில் ஒரு வேளையாவது அதை வைத்து வீட்டில் சமையுங்கள். சமைக்கும்போது பிள்ளையும் அடுப்படியில் கூட நிற்கட்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்தச் செடிகளுக்காகப் பிள்ளைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். காலாண்டு விடுமுறையில் சில நாள் தண்ணீர் விட ஆளில்லை. திறந்ததும் ஆசை ஆசையாகக் குடம் குடமாக ஊற்றினார்கள். அடுத்து வந்த காய்களில் பாதிக்கு அடிப்பக்கம் கறுத்துப்போனது. பூச்சி என்றுதான் ஏழாம் வகுப்பார் நினைத்தார்கள். பூச்சி இல்லை, காய விட்டு, அப்புறம் ஒரேயடியாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது. இது தெரிந்த அன்றைக்கே அவர்களாகத் தண்ணீர் விட முறை போட்டு எழுதி ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீரும் அதன்பின் தவறவில்லை.

போன வாரம் செடிகளைக் குச்சியில் கட்டிவிட்டு வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், கையெல்லாம் பச்சையாயிருச்சுங்க" என்று விரல்களை நீட்டினாள். சோப்புப் போட்டதும் நுரை மஞ்சளாக வந்தது. கழுவிய பிறகும் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க அமுச்சி தோட்டத்து வாசம்ங்க டீச்சர்" என்று அம்மாவைப் பெற்ற பாட்டியை நினைத்துச் சொன்னாள். அந்த வாசம் சோற்றுத் தட்டு வரைக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உங்களில் பலர் உடுமலை, கிணத்துக்கடவு சந்தைகளுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றியவர்கள். விலை இல்லாமல் பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த நாளும் உங்களுக்குத் தெரியும், 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும் தெரியும். லாரியில் போகிற பழத்தை நிறம் திரும்பும்போதே பறித்தாக வேண்டும். நம் பழத்துக்கு அந்த அவசரம் இல்லை, செடியிலேயே பழுத்தது. ரகம் பி.கே.எம்.1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சை படர்ந்து இருக்கும். பழுக்கவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசம் போய்விடும், வெளியிலேயே இருக்கட்டும்.

என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு, எங்கள் வீட்டுக் கடைசலைச் சொல்கிறேன். மண்சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, சீரகம், பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய் போட்டு வதக்கி, தக்காளியை நாலாகப் பிளந்து போடுங்கள். உப்பை அப்போதே போட்டுவிட்டால் பழம் தானாகவே தண்ணீர் விடும், நீங்கள் ஊற்ற வேண்டாம். புளியும் வேண்டாம். மூடி வைத்து, தோல் சுருண்டு வந்ததும் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு மத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். கடைவது அவர்கள் வேலை. விழுதாகக் கடைய வேண்டாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டு நின்றால்தான் கடைசல். இட்லி, தோசை, சுடுசோறு எதற்கும் சேரும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிற வீட்டில் நாலு பழத்தைக் கூடவே வதக்கிப் போட்டாலும் சரி. தக்காளியின் சிவப்பில் இருக்கும் லைகோபீன் என்னும் சத்து, எண்ணெயில் வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும் என்பதால் ஒரு பழத்தைப் பச்சையாகவும் தின்னட்டும்.

பனியன் கம்பெனி ஷிப்டும் தறி ஓட்டமும் முடிந்து வருகிறவர்களிடம் இதைக் கேட்கிறோமே என்று எனக்கும் தயக்கம்தான். பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவருகிற ராத்திரிகளை நான் குறை சொல்லவில்லை. கடைசலுக்கு அரை மணி நேரம் போதும். உங்களுக்கு முடியாவிட்டால் அப்பத்தாளோ அமுச்சியோ செய்யட்டும். அவர்கள் கைப்பக்குவம் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கும்?

சின்ன வகுப்புப் பிள்ளைகள் வெங்காயம் உரிக்கலாம், கழுவலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் கத்தி பிடிக்கலாம். அடுப்புப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். செடிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும்தான் தெளித்தோம், ஆனாலும் நன்றாகக் கழுவிவிட்டே சமையுங்கள்.

ஐப்பசி மழை வலுத்தால் பழம் வெடித்துவிடும். அப்படியானால் வியாழக்கிழமையே பறித்துக் கொடுத்தனுப்புவோம். திங்கட்கிழமை மஞ்சப்பையை மறக்காமல் திருப்பி அனுப்புங்கள், அடுத்த பறிப்புக்கு வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்