8 மணி நேரம் வைத்தும் வேகாத மாட்டிறைச்சி: உங்கள் ஸ்லோ குக்கர் பற்றி ஏழாவது முறையாகப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் 6 லிட்டர் ஸ்லோ குக்கரை வாங்கி 4 மாதம் ஆகிறது. இதுவரை 6 மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். 11 முறை போன் செய்திருக்கிறேன். 3 முறை அந்தக் குக்கரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அலைந்திருக்கிறேன். என் கையில் இப்போது 4 புகார் எண்கள் இருக்கின்றன, ஆனால் யாரிடம் பேசினாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக வரும் பதில் எனக்கு வேண்டாம்.

என் மகளுடன் படிக்கும் தோழி மெக்சிகோவின் குவாதலஹாராவைச் சேர்ந்தவள். அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்றதும் மாட்டிறைச்சி டாக்கோ (மக்காச்சோள ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்தது) செய்து போடலாம் என்று முடிவு செய்தேன். அவள் ஊர் இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தில் மிளகாய்ச் சாற்றில் இறைச்சியை வேகவைத்து பிர்ரியா என்று ஒன்று செய்வார்கள். அங்கே அது ஆட்டிறைச்சியில்தான் தொடங்கியது. மாட்டிறைச்சியில் செய்து, சாற்றில் தோய்த்த டோர்ட்டியா ரொட்டியில் வைத்துத் தரும் வழக்கம் வடக்கு எல்லை நகரமான தீஹுவானா பக்கம் பரவி, அப்புறம் எல்லா இடத்துக்கும் போனது. மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் வேக வேண்டிய சமையல் இது. நீங்கள் விற்கும் பாத்திரமே இதற்காகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? உங்கள் பெட்டியின் மேலேயே டாக்கோ படம் போட்டிருக்கிறீர்கள். கூட வந்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் "மெக்சிகன் பீஃப் டாக்கோ, லோ, 8 மணி நேரம்" என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா குவாதலஹாராவின் சான் ஹுவான் தே தியோஸ் சந்தையில் வாங்கிக் கொடுத்தனுப்பிய காய்ந்த மிளகாய்கள் என்னிடம் இருந்தன. சிவந்து நீண்ட குவாஹியோ, கறுத்துச் சுருங்கிய ஆன்சோ, காரத்துக்குக் கொஞ்சம் ஆர்போல். ஒரு தாய் இன்னொரு வீட்டுக்குப் பாசமாகக் கொடுத்தனுப்பியவை அவை. காம்பும் விதையும் எடுத்து, வெறும் கல்லில் கருகாமல் வாட்டி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தக்காளி, வெங்காயம், பூண்டு, சீரகம், கிராம்பு, பட்டை, கொஞ்சம் வினிகர், மெக்சிகன் ஒரேகானோ சேர்த்து அரைத்து வடிகட்டினேன். இரண்டரை கிலோ தோள்பட்டை இறைச்சியைப் பெரிய துண்டுகளாக்கி, நாலு பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்தேன். எல்லாவற்றையும் உங்கள் பீங்கான் பாத்திரத்தில் சேர்த்தபோது மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருந்தது, உங்கள் புத்தகம் சொல்கிற அளவு அதுதான். இரவு 10 மணிக்கு 'லோ'வில் வைத்து மூடினேன். இரவு முழுவதும் ஒரு முறைகூடத் திறக்கவில்லை. இதை எழுதக் காரணம் உண்டு. உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி "மூடியைத் திறந்தீங்களா?" என்பதுதான். ஒரு முறை திறந்தால் 20, 30 நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். திறக்கவில்லை.

காலை 6 மணிக்குப் பார்த்தால், திரையில் 8 மணி நேரம் முடிந்து 'வார்ம்'க்கு மாறியிருந்தது. மூடியைத் தூக்கினேன். ஆவி வரவில்லை. ஓரத்தில் ஒரு குமிழ்கூட இல்லை. முள்கரண்டியால் குத்தினால் இறைச்சி ரப்பர் மாதிரி எதிர்த்து நின்றது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 49 டிகிரி செல்சியஸ்.

49 டிகிரி என்றால் என்ன அர்த்தம் என்று ஸ்லோ குக்கர் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் இடம். தோள்பட்டை இறைச்சியில் இருக்கும் கொலாஜன் என்ற விறைப்பான புரதம் கரைந்து மெதுவான ஜெலட்டின் ஆக வேண்டும் என்றால் 70 டிகிரிக்கு மேல் போய் அங்கேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டு முள்கரண்டியால் இழுத்தால் நார்நாராகப் பிரியும். உங்கள் பாத்திரம் 8 மணி நேரம் என் இறைச்சியைக் கிருமிகளுக்குப் பிடித்த சூட்டில் வைத்திருந்து, "சமையல் முடிந்தது" என்று காட்டியது. எனக்குச் சந்தேகம் வராமல் இருந்திருந்தால் அன்று 9 பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்போம்.

அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். இறைச்சியை மட்டுமா கொட்டினேன்? அந்த மிளகாய்களையும் சேர்த்துக் கொட்டினேன். அந்த மிளகாய் திரும்பக் கிடைக்காது. எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது. எல்லாம் தயாராக இருந்தது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் 60 டோர்ட்டியா தட்டி வைத்திருந்தேன். பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் மேசையில் வரிசையாக இருந்தன. நடுவில் வைக்க எதுவும் இல்லை. விருந்தாளியாக வந்த பெண் "பரவாயில்லை அங்கிள்" என்று வெறும் டோர்ட்டியாவில் உப்பும் எலுமிச்சையும் வைத்துச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது என் வாழ்நாளில் மறக்காது.

அன்று காலை 7 மணிக்கே உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். 35 நிமிடம் இசை கேட்டபின் ஒருவர் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நான் 49 டிகிரி என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னது: "சார், வீட்டுல லேடீஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க, அவங்களுக்குச் சொன்னா புரியும்."

ஐயா, 28 வருடமாக எங்கள் வீட்டில் சமையல் என் கையில்தான் இருக்கிறது. என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது அவமானம், எனக்கும் அவமானம். சமைப்பவர் ஆணா பெண்ணா என்று உங்கள் ஹீட்டருக்குத் தெரியுமா? அவர் அதோடு நிறுத்தவில்லை. "மெக்சிகன் ஐட்டம் எல்லாம் இதுல வராது சார், சாதாரணமா சமைங்க" என்றார். உங்கள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பி நான் வாசித்துக் காட்டினேன். "அது சும்மா போட்டிருப்பாங்க" என்றார். கடைசியாக அவர் சொன்னதுதான் உண்மையிலேயே ஆபத்தானது: "'ஹை'ல இன்னும் ரெண்டு மணி நேரம் வெச்சுச் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது."

ஆகும். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உணவுப் பாத்திரம் விற்கும் நிறுவனத்தின் ஆள், 49 டிகிரியில் எத்தனையோ மணி நேரம் கிடந்த இறைச்சியைச் சூடு பண்ணிச் சாப்பிடச் சொல்கிறார். என்னிடம் சொன்னதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? இந்த ஒரு காரணத்துக்காகவாவது இந்தக் கடிதம் மேலிடத்தின் கைக்குப் போக வேண்டும்.

சரி, சர்வீஸ் சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். பீங்கான் பாத்திரத்தோடு சேர்த்து அது சுமார் 7 கிலோ. முதல் தடவை தூக்கிக்கொண்டு போனபோது வாங்கிய அட்டைப்பெட்டி இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். போனில் கேட்டபோது இதை யாரும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பெட்டியோடு போனேன். டெக்னீஷியன் லீவு. அதைச் சொல்வதற்கே என்னை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார்கள். என் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, 'ஹை'யில் 20 நிமிடம் வைத்து, விரலை விட்டுப் பார்த்து, "சூடாகுதே சார்" என்றார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரை எது வேண்டுமானாலும் சூடாக்கும். ஸ்லோ குக்கரைச் சோதிக்கும் முறை அது இல்லை. பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் 8 மணி நேரம் வைத்து, திறந்தவுடன் சூட்டை அளக்க வேண்டும். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் பாத்திரம் சரியாக இருக்கிறது. அதற்குக் குறைந்தால் அதில் சமைக்கக் கூடாது. இதை நான் வீட்டில் மூன்று இரவு செய்தேன். வந்தது 54, 51, 55. மூன்றுக்கும் நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து இரண்டாவது மின்னஞ்சலிலேயே அனுப்பினேன். ஒருவராவது திறந்து பார்த்தீர்களா?

19 நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது. ஆனால் அதை என் கையில் கொடுத்த இளைஞர் மெதுவாகச் சொன்னார், பக்கச் சுவரில் சுற்றியிருக்கும் ஹீட்டர் பட்டையில் ஒரு பாதிதான் வேலை செய்கிறது, வேறு சிலரும் இதே மாடலைக் கொண்டுவந்தார்கள் என்று. நல்ல பையன். அவர் வேலைக்கு என்னால் எந்தக் கெடுதலும் வரக் கூடாது. ஆனால் உங்களைக் கேட்கிறேன், டெக்னீஷியனுக்குத் தெரிந்தது ரிப்போர்ட்டில் ஏன் வரவில்லை?

இன்னொன்று. உங்கள் அதே புத்தகத்தில், டாக்கோவுக்குத் தொட்டுக்கொள்ளச் சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே 'லோ'வில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. அடுப்பில் தனியாக நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் அது போகும். கொதிநிலையைத் தொடாத சூட்டில் அது போகாது. சரியாக வேலை செய்யும் குக்கரிலேயே இது தவறு, உங்கள் குக்கரில் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கத்தை உடனே மாற்றுங்கள். இது என் பணத்துக்காகக் கேட்பது இல்லை.

1940-இல் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் இந்த மாதிரிப் பாத்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியதே, இரவெல்லாம் பேக்கரி அடுப்பின் மீதிச் சூட்டில் வேகும் உணவைப் பற்றித் தன் அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் என்பார்கள். மெக்சிகோவில் பார்பகோவா என்ற இறைச்சிச் சமையலுக்குக் குழி வெட்டி, கற்றாழை மாதிரியான மாகே செடியின் இலையில் இறைச்சியைப் பொதிந்து மண்ணால் மூடிவிடுவார்கள். காலையில் எடுத்தால் எலும்பிலிருந்து கழன்று வரும். கம்பியும் திரையும் இல்லாத குழி செய்கிற வேலையை, மின்சாரம் ஓடும் உங்கள் பாத்திரம் செய்யவில்லை.

எனக்கு யாரோடும் சண்டை போடுவதில் விருப்பம் இல்லை. உங்கள் பழைய பிரஷர் குக்கர் ஒன்றை 15 வருடம் குறை சொல்லாமல் வைத்திருந்தவன் நான். அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். வாரண்டி 2 வருடம், அதில் 20 மாதம் இன்னும் மீதி இருக்கிறது. பில், வாரண்டி அட்டை, போட்டோக்கள், உங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் இதோடு வைத்திருக்கிறேன். முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். மாற்றுக் குக்கர் தருவதாக இருந்தால், 8 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை செய்த அளவை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். அந்த மனிதர் பேசியதற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும், எனக்கும் என் மனைவிக்கும். இதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புங்கள்.

இன்றிலிருந்து 15 நாள் காத்திருப்பேன். அதற்குள் பொறுப்பான ஒருவர் பேசினால் சந்தோஷம், மரியாதையாகவே முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இதே காகிதங்களோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன், கொட்டிய இறைச்சி, அலைந்த நாட்கள், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்பேன். வழக்குப் போடுவது எப்படி என்று விசாரித்துவிட்டேன்.

அந்தப் பெண் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்ப இன்னும் 2 மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு முறையாவது அவளை உட்கார வைத்து, சாற்றில் தோய்த்துக் கல்லில் வாட்டிய டாக்கோவைத் தட்டில் வைக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி வந்த மூடி என்னுடையது இல்லை. வேறு மாடலின் மூடி, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு ஆடுகிறது. அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு, என் மூடியைக் கொண்டுவந்து தாருங்கள். நான்காவது முறை தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.