பேரன் திறந்த கறிக்கடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் விளையாட்டிலேயே மூழ்கிக் கெடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் அல்சூரில் நாற்பது வருஷம் கறிக்கடை நடத்தியவன். என் பேரன் ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறான். 1974-இல் அமெரிக்காவில் வந்த ஆட்டம்; ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கூடி உட்கார்ந்து ஒரு கற்பனைக் கதையை நடத்துவார்கள். காகிதம், பென்சில், இருபது முகப் பகடை. அவன் உண்டாக்கிய மாயக் கிராமத்தில் ஒரு குடும்பக் கறிக்கடை. அப்பா வெட்டுவார், அம்மா கணக்கு.

பார்த்தால் கறி மொத்தமும் ஒரே விலை! விடுவேனா? நெஞ்செலும்பு வேறு, தொடைக்கறி வேறு, சுவரொட்டிக்கு (ஆட்டு மண்ணீரல்) விடியற்காலையிலேயே ஆள் வந்து நிற்கும் என்றேன். ஃபிரிட்ஜ் இல்லாத ஊரில் மதியத்துக்குள் விற்காதது உப்புக்கண்டம்தான். ராத்திரி கறி வெட்டும் புளியங்கட்டையைச் சுரண்டி, கல்லுப்பைத் தேய்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டான். கடன் வசூலுக்கு மட்டும் பகடை உருட்டுகிறார்கள். பத்துக்கு மேல் விழுந்தால் பணம் வரும். எனக்கு ஆயுசு முழுக்க மூன்றுதான் விழுந்தது.

என் மகன் கடைப்பக்கம் வரவில்லை. பேரனுடைய கடையில் போன வாரத்திலிருந்து தாத்தா ஒருவரும் இருக்கிறார், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கறிக்கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு