மூளை மடிப்பும் ஃபிராக்டல் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையின் மடிப்புகளை ஃபிராக்டல் கணிதத்தால், அதாவது பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே போன்ற மடிப்பு திரும்பத் திரும்ப வரும் வடிவங்களின் கணிதத்தால், அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்தப் பொருளைத் தொட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மனித மூளையின் ஃபிராக்டல் பரிமாணம் 2.8 என்றும், மடிப்பு கூடக் கூட அறிவும் கூடும் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டது கட்டுரை. முதல் செய்தி அரைகுறை. இரண்டாவது தவறு.

2.8 எங்கிருந்து வருகிறது? ஸ்கேன் படத்தில் பெருமூளைப் புறணியை, அதாவது மூளையின் மடிந்த மேலடுக்கை, மட்டும் பிரித்தெடுத்து, அதை மூட எத்தனை சிறு கனசதுரங்கள் வேண்டும் என்று எண்ணுகிறார்கள். பிறகு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ணுகிறார்கள். மடிப்பில்லாத தளமாக இருந்தால் எண்ணிக்கை 4 மடங்காகும்; 4 என்பது 2-இன் 2-ஆம் அடுக்கு, எனவே பரிமாணம் 2. உள்ளும் புறமும் நிரம்பிய பொருளானால் 8 மடங்காகும்; அது 2-இன் 3-ஆம் அடுக்கு, பரிமாணம் 3. புறணியிலோ ஏறத்தாழ 7 மடங்கு! 2-ஐ 2.8 அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண் அதுதான். வேறு முறைகளில் அளந்தவர்களுக்கு வேறு எண்களும் வந்திருக்கின்றன.

இந்தப் பாதியாக்கலை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதுதான் கட்டுரையில் விடுபட்டது. புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மி.மீ. கனசதுரம் அதைவிடச் சிறிதானால் மடிப்பே கண்ணில் படாது, புறணியின் உட்பகுதிதான் தெரியும். மேல் எல்லை மூளையின் நீளம், சுமார் 15 செ.மீ. இடையில் ஐந்தாறு முறைதான் பாதியாக்கலாம். அந்தக் குறுகிய இடைவெளியில் மட்டும் பொருந்தும் எண்ணை, எல்லா அளவுக்கும் உரியது போல அச்சிடுவது வாசகரைத் திசைதிருப்பும்.

எங்கள் கோத்தகிரியின் லாங்வுட் சோலையைப் பாருங்கள். வரைபடத்தில் அதன் எல்லையைக் கவராயத்தால் அளந்தால், கால்களை நெருக்க நெருக்க நீளம் கூடிக்கொண்டே போகும். பிரிட்டன் கடற்கரையை வைத்து 1967-இல் கணிதவியலாளர் மாண்டல்பிரோட் எழுப்பிய கேள்வியும் இதுவே. நீளத்தைச் சொல்பவர் எந்த இடைவெளியில் அளந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளஸ் ஒன் மாணவர்கள் மடக்கை படித்ததும் தங்கள் ஊர்ச் சோலையின் பரிமாணத்தைத் தாங்களே கணக்கிடலாம். நீலகிரிப் பள்ளிகள் இதைச் செய்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி அறிவு. டால்ஃபின், யானை இரண்டின் புறணியும் மனிதருடையதைவிட அதிகம் மடிந்தவை. புறணியின் பரப்பையும் தடிமனையும் பொறுத்தே மடிப்பு அமைகிறது, நரம்பணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தல்ல என்று மோட்டா, ஹெர்குலானோ ஹூசல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015-இல் காட்டினார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளைகளின் மூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகளின் துண்டுப் பிரசுரங்கள் இந்த மலை ஊர்களிலும் வீடுதேடி வருகின்றன. தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டுகிறார்கள் பெற்றோர். உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரி நாளை அத்தகைய பிரசுரத்தில் ஏறிவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்த அளவையின் உண்மையான பயன் வேறு. அல்சைமர் நோயாளிகளின் புறணியில் பரிமாணம் குறைவதை ஆய்வுகள் கண்டுள்ளன. கருவில் ஏறக்குறைய 20 வாரம் வரை வழவழப்பாக இருக்கும் மூளை எப்படி மடியத் தொடங்குகிறது என்பதைப் பின்தொடரவும் இது உதவும். சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024-இல் 'தரணி' என்ற பெயரில் கருவின் மூளையை 5,132 வெட்டுத் துண்டுகளின் படங்களாக வெளியிட்டது. யாரும் பார்க்கலாம். நம் மாநிலத்தில் நடந்த இந்தப் பணிக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் வரை அளந்த எண் என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி