பாறையில் தம் கட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை வந்தால் சேர்வராயன் மலைப் பாறைகளில் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டி ஏறப் பழக்குகிறார்கள். ஹெல்மெட், ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டை), முடிச்சு எல்லாம் சொல்லித்தருகிறவர்கள் மூச்சைப் பற்றிப் பேசுவதேயில்லை. பாதியில் கை விட்டுப்போனால் "மலைல ஆக்சிஜன் கம்மி" என்று சமாதானம் வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 15 சதவீதம் போலத்தான் குறையும். பத்து மீட்டர் பாறையில் ஆளைக் கவிழ்க்க அது போதாது.

கவிழ்ப்பது தம் கட்டுவதுதான். சின்ன விளிம்பில் விரல்நுனி பட்டதும் பல்லைக் கடிக்கிறோம், தோள் காதுவரை ஏறுகிறது, மூச்சு நின்றுவிடுகிறது. உடம்பே இறுகிப்போவதால் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கிறோம். இறுகிய முன்கைத் தசை தன் ரத்தக்குழாயைத் தானே நெரிக்கும். கொஞ்ச நேரத்தில் கை விறைத்து, விரல் தானாகத் திறந்துகொள்ளும்.

ஏறுமுன் வயிற்றில் கைவைத்து, மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை விடவேண்டும்; ஐந்தாறு முறை போதும். வயிறு எழும்பாமல் நெஞ்சு மட்டும் தூக்கினால் ஹார்னஸ் பட்டையைப் பாருங்கள்: இடுப்பெலும்புக்கு மேல் நழுவாமல் நிற்கவேண்டும், வயிற்றை நெரிக்கக் கூடாது. ஏறும்போது கால் மாற்றுகையில் மூச்சு உள்ளே, கை எட்டுகையில் 'ஃபூ' என்று வெளியே. நல்ல பிடி கிடைத்தால் அந்தக் கையை மடக்காமல் நீட்டித் தொங்கி, மறுகையைக் கீழே விட்டு உதறி, மூன்று நீள மூச்சு. பிறகு கை மாற்றலாம். முன்னால் சரிந்து தொங்கும் பாறையில் மட்டும் வயிற்றைத் தளர்த்த முடியாது. அங்கே 'ஸ்ஸ்' என்று குறுமூச்சு. கடினமான பிடியை எட்டும்போது ஒரு நொடி தம் நின்றால் தப்பில்லை, எட்டியதும் ஊதிவிடவேண்டும்.

யோகா பழகியவர்கள் சிலர் ஏறுமுன் கபாலபாதி செய்கிறார்கள். வேண்டாம். வேகமாக ஊதித் தள்ளினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் அரைமணி நேரம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பக்கவாட்டிலேயே நகரவிடுங்கள், ஊதுவது காதில் விழும்படி. கீழே கயிறு பிடிப்பவர் அந்தச் சத்தத்தையும் கவனிக்கட்டும், நின்றதும் "மூச்சு விடு!" என்று குரல் கொடுக்கட்டும். தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் பெரியவர்களிடம் பிபி இருக்கிறதா என்று ஹார்னஸ் மாட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாறையேற்றப் பயிற்சியாளர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.