அடிக்குழாயைக் கழற்றிக் கழுவுங்கள்

நண்பர்களே, வீட்டில் தயாரித்த பீர் புளித்துவிட்டதாக இந்த வாரம் மூவர் எழுதியிருந்தீர்கள். மூவருமே நொதிக்கவிடும் வாளியின் அடிக்குழாயைக் கழற்றாமல் கழுவியிருக்கிறீர்கள். அந்தக் குழாயின் திருகு இடுக்கில் காய்ந்து ஒட்டும் ஈஸ்ட் கசடில்தான் பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா தங்கிவிடுகிறது. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. சோடியம் பெர்கார்பனேட் என்னும் அழுக்கு நீக்கும் தூளைக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, அதன் பிறகே கிருமி நீக்குங்கள். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்கவே வேண்டாம்; கீறலுக்குள் எந்த மருந்தும் சரியாக எட்டாது. பிளீச்சும் வேண்டாம், மிச்சமிருந்தால் பீரில் மருந்து வாடை ஏறும்.

கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு இவ்வளவு கவலை தேவையில்லை; கொதியிலேயே கிருமிகள் செத்துவிடும். ஆனால் கொதி நின்று மால்ட் சாறு (முளைகட்டிய தானியத்தின் சாறு) ஆறத் தொடங்கியபின் அதைத் தொடும் எல்லாமே, கரண்டி உட்பட, கிருமி நீக்கியதாக இருக்கவேண்டும். பிரித்த குழாயைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.