செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 4 முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. பள்ளி மாணவர்கள் இருமுறை வந்து ட்ரெடில் (காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம்) ஓடுவதைப் பார்த்துச் சென்றார்கள்.

சென்ற பொதுக்குழுவில் நான் முன்வைத்த திட்டம், 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ போன்ற வார இதழ்களின் பழைய எழுத்திலேயே ஒரு பக்கத்தை, ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடுவது. எழுத்தின்மேல் மை தடவும் ரோலருக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அக்காலத்தில் சிறிய அச்சகங்களில் ரோலரை அங்கேயே வார்ப்பதுண்டு. நாம் வஜ்ஜிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) கிளிசரினும் சம எடையில் எடுத்தோம். வஜ்ஜிரத்தை முதல்நாள் இரவே ஊறவைத்து, மிஞ்சிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். நேரடித் தீயில் அடி பிடித்தால் பிசுக்குப் போய்விடும். எண்ணெய் தடவிய குழாயின் நடுவில் இரும்புத் தண்டை நிறுத்தி, ஒரே பக்கமாக மெல்ல ஊற்ற வேண்டும். முதல் முறை அவசரப்பட்டோம். காற்றுக்குமிழி உள்ளே நின்று, அந்த இடங்களில் மை ஏறவில்லை. அதையே உருக்கி மறுபடி வார்த்தோம். அந்த ரோலரும் சித்திரை வெயிலில் இளகியது. ஐப்பசியில் ஈரம் குடித்து ஊதியது. அச்சு வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்த சிக்கல் எழுத்து. 1935-இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். 1978-இல் தமிழக அரசு ஏற்றது. மாறிய வடிவங்கள் 13. அவற்றில் துதிக்கை போல் சுழித்த பழைய லை, னை நமக்குப் போதவில்லை. ‘நாளை காலை விலை’ என்று ஒரே வரியில் வந்தால் கேஸ் (எழுத்துப் பெட்டி) காலி. பழைய லை ஒரே வார்ப்பு. புதியதில் ஐகாரக் குறி தனி, ல தனி. மாற்றிப் போட்டால் வரி நீண்டு, இடைவெளியெல்லாம் கலைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. மூடிய அச்சகம் ஒன்றில் கலந்து கொட்டிக் கிடந்த எழுத்துகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அதற்கு வந்தவர்கள் 3 பேர்.

வரவைவிடச் செலவு கூடுதல். இருவர் கைப்பணம் தந்து சமாளித்தோம். கணக்கைப் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா கட்டாதோர் பாதிக்கும் மேல். இரண்டு ஆண்டு பாக்கி வைத்தவர்களும் உண்டு. கடிதம் எழுதியும் பலரிடமிருந்து பதில் இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இடம் தந்தவருக்கும், கோத்துப் பழக்கித் தந்த மூத்த கம்பாசிட்டர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பக்கத்தின் மறுபுறம். ஆள் இல்லாமல் அதைத் தொட எனக்கு மனமில்லை. அச்சான 2 பத்தி இன்னும் நூல் கட்டியபடி கேலியில் (கோத்த எழுத்தை வைக்கும் தட்டு) கிடக்கிறது. மை காய்ந்தால் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மூக்குடையும். மை கழுவ மண்ணெண்ணெய் 2 லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை 9 மணிக்குக் கதவு திறந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தால் கொண்டுவாருங்கள். சந்தாவையும் அங்கேயே கட்டலாம்.

செயலாளர்